முதல் வீட்டில் முகம், கடைசி வீட்டில் குரல்

மேகம் இறங்கி நடக்கிற பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயனைக் கட்டிவிட்டார்கள். பதினோரு வீடு, ஒரே தகரக் கூரை, முன்னால் ஒரே நீள வராந்தா. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலாம் வீட்டில் தும்முவார்கள், ஐந்தாம் வீட்டில் புருஷன் கேட்ட கேள்விக்கு ஏழாம் வீட்டிலிருந்து பதில் வரும். அப்படிப்பட்ட லயனில் முதல் வீட்டுப் பூரணமும் கடைசி வீட்டு முப்பிடாதியும் பதினோரு மாதமாக ஒருத்தியோடு ஒருத்தி பேசவில்லை. ஒரே மலைச்சரிவில் கொழுந்து எடுத்தார்கள், ஒரே தராசில் எடை போட்டார்கள், அட்டை கடிக்காமலிருக்க ஒரே டப்பாவிலிருந்து புகையிலைத் தூளும் சுண்ணாம்பும் எடுத்துக் காலில் தேய்த்துக்கொண்டார்கள். டப்பாவை மட்டும் நடுவில் யாராவது வாங்கிக் கைமாற்றிவிட வேண்டும்.

உச்சிமாகாளி பூரணத்துக்குப் புருஷன், முப்பிடாதிக்கு அண்ணன். தாய் தகப்பன் போனபிறகு தங்கச்சியைத் தானே வளர்த்தவன். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் அவள் ஒரு மழைநாளில் துணிமூட்டையோடு திரும்பி வந்து நின்றபோது, ‘வா’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் பேசாமல், மேனேஜர் பங்களா வாசலில் மூன்று நாள் நின்று அவளுக்குத் தோட்டத்தில் வேலையும் அதே லயனில் வீடும் வாங்கிக் கொடுத்தவன். அவன் தண்ணீர் லாரி ஓட்ட அரபு நாட்டுக்குப் போய் நாலாவது வருஷம், பங்குனி மாதம், ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. உடம்பை ஊருக்கு அனுப்ப நாளாகும், அங்கேயே அடக்கம் செய்வதென்றால் மனைவி சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தகவல் வந்தது. பூரணம் தனியாகப் பஸ் ஏறிக் கீழே போனாள், கையெழுத்துப் போட்டாள், தனியாகத் திரும்பி வந்தாள். ஏன் போட்டாள் என்று நாங்கள் கேட்கவில்லை. முப்பிடாதி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “எங்கண்ணன் மூஞ்சிய நான் பாக்கவிடாமப் பண்ணிட்டா.” சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பதினோரு மாதம் கழித்து, மாசியில், உச்சிமாகாளியோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜாபர் என்பவர் விடுமுறையில் வந்தார். தலையில் குல்லாயும் கையில் ஓர் அட்டைப்பெட்டியுமாக மலையேறி வந்து, முதல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பெட்டிக்குள் புது டிவிடி பிளேயர் இருந்தது. லீவில் வரும்போது கொண்டுவர வேண்டுமென்று உச்சிமாகாளி வாங்கி, பெட்டிமேல் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தானாம். அதோடு ஒரு டிஸ்க். பொங்கலன்று அறையில் எல்லாரும் சேர்ந்து சமைத்தபோது ஒருத்தர் கேமராவில் பிடித்தது. பதினேழு நிமிஷம்.

“நெறையப் பேசியிருக்கார்மா,” என்றார் ஜாபர். “எனக்கு அப்புறம் போட்டுப் பாக்க மனசு வரல.”

பூரணம் வீட்டில் இருந்தது தொழிலாளர் கிளப்பில் பத்து வருஷம் ஓடி ஓய்ந்த டிவி. பின்னால் பெரிய முதுகு வைத்த பெட்டி, நிறம் கொஞ்சம் பச்சைப்பக்கம் சாயும். பிளேயரோடு வந்த வயரில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை இருந்தன. டிவிக்குப் பின்னாலோ, கிளப்பில் இருந்த காலத்தில் யாரோ துளைபோட்டுப் பொருத்திய ஒரே ஒரு ஓட்டைதான், அதைச் சுற்றி மஞ்சள் வளையம். ஆறாம் வீட்டு ரெஜினா டார்ச் பிடிக்க, பூரணம் மஞ்சளை மஞ்சளில் சொருகினாள். சிவப்புக்கும் வெள்ளைக்கும் போக இடமில்லை. வெறுந்தரையில் கிடக்க வேண்டாமென்று ஒரு துண்டை நாலாக மடித்து அதன்மேல் இரண்டையும் வைத்தாள். பிளேயர் தட்டை நீட்டி டிஸ்கை உள்ளே வாங்கிக்கொண்டது. கொஞ்சநேரம் நீலமாக இருந்த திரையில் உச்சிமாகாளி வந்தான். கிழிந்த பனியன், கையில் கரண்டி, முகத்தில் அவள் இதுவரை பார்த்திராத தாடி. வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

அதே நேரத்தில் பதினோராம் வீட்டில் முப்பிடாதி உலைக்கு அரிசி எடுக்கத் தகர டின்னைத் திறந்தாள். படியை உள்ளே விட்டவள், “ஏய், சோறு கொழையுதுடா, எறக்குடா,” என்று அண்ணன் குரல் டின்னுக்குள்ளிருந்து கேட்க, படியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

இதை நாங்கள் எப்படி எடுத்துக்கொண்டோம் என்று பிற்பாடு கேட்டவர்கள் உண்டு. மேகம் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் படுத்துவிட்டுப் போகிற ஊரில், சிறுத்தை வராந்தாவில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகிற ஊரில், ஒரு குரல் தனக்கு ஓட்டை இல்லாத பெட்டியை விட்டுவிட்டு ஒன்பது வீட்டைத் தாண்டிப் போய் ஒரு டின்னில் இறங்குவதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயர் இல்லாத இடத்தில் சுவர் இருக்கிறது, பதினோரு வீட்டுக்கும் ஒரே சுவர்தானே என்றார் மூன்றாம் வீட்டுக்காரர். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை. யார் எங்கே உட்காருவது என்பதுதான் எங்களுக்குப் பிரச்சினையாக இருந்தது.

தினமும் ஆறு மணிக்குப் பூரணம் டிஸ்கைப் போட்டாள். வேலை விட்டு வந்து, காலில் ஒட்டிய அட்டையை உதிர்த்து, குளித்து, விளக்கேற்றியதும் போடுவாள். முகம் பார்க்கப் பிரியப்பட்டவர்கள் முதல் வீட்டுக்குப் போனார்கள், குரல் கேட்கப் பிரியப்பட்டவர்கள் கடைசி வீட்டுக்குப் போனார்கள். காது மந்தமான தொப்பளான் முகத்தின் பக்கம், கண்ணில் புரை விழுந்த அவர் சம்சாரம் குரலின் பக்கம். வீட்டுக்குத் திரும்பியதும் அவர் பார்த்ததையும் அவள் கேட்டதையும் சேர்த்துவைத்து அரைமணி நேரம் பேசிக்கொள்வார்கள், முப்பது வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. கடைசி வீட்டுக்குப் போகிறவர்கள் டின் நிறைய அரிசி இருந்தால் குரல் அடைத்துக்கொள்கிறது, குறையக் குறையத் தெளிகிறது என்று கண்டுபிடித்தார்கள். ரேஷன் போட்ட வாரத்தில் உச்சிமாகாளிக்குச் சளி பிடித்த மாதிரி இருந்தது, மாதக் கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறவன் மாதிரி கணீரென்று இருந்தது. அதனால் முப்பிடாதி அரிசியைச் சாக்கில் கட்டி மூலையில் வைத்துவிட்டு, டின்னில் நாலு படிக்குமேல் வைத்துக்கொள்வதில்லை.

அவன் பேசியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கூரையில் மூன்றாவது தகடு ஒழுகுமே, தார் வைத்தீர்களா என்றான். அங்கே மத்தி மீன் கிடைக்கிறது, ஆனால் நம் குடம்புளி இல்லை என்றான். முப்பிடாதி தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை மாற்றச் சொல்லுங்கள், அவளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அதைக் கேட்ட மறுநாளே முப்பிடாதி எண்ணெயை மாற்றினாள்.

பதினோராவது நிமிஷம் வரும்போது அவன், “டேய், எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்கடா. பூரணத்துக்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்பான். சிரிப்புச் சத்தமும் கதவு சாத்துகிற சத்தமும் கேட்கும். அது முதன்முதலாகத் தெளிவாகக் கேட்ட நாளில் முப்பிடாதி சட்டென்று எழுந்தாள். மூலையிலிருந்த சாக்கைத் தரதரவென்று இழுத்துவந்து, அரிசி முழுவதையும் டின்னில் கொட்டி, மூடியை அழுத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இரண்டு நிமிஷம் கழிந்திருக்கும் என்று தோன்றியபிறகு இறங்கி, அரிசியை மறுபடியும் அள்ளிச் சாக்கில் போட்டாள். மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. சாக்கு கிழிந்து தைத்துக்கூடப் போட்டாள்.

“நீயாவது கேட்டு வச்சுக்கிடலாம்ல,” என்று ரெஜினா ஒருநாள் சொன்னாள்.

“அண்ணன் மதினிகிட்டப் பேசுறத நான் எதுக்குக்கா கேக்கணும்?”

பதினோரு மாதத்துக்கும் மேலாக அவள் வாயிலிருந்து ‘மதினி’ என்ற சொல் வந்ததில்லை. வாயைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ரெஜினா ஆறாம் வீட்டுக்காரி, இரண்டு பக்கமும் அவளுக்குச் சம தூரம், லயனில் எந்தச் செய்தியும் அவள் வாசலில் மூச்சு வாங்கிவிட்டுத்தான் போகும். அன்றைக்கு அவள் மூச்சு வாங்க விடவில்லை. நேராக முதல் வீட்டுக்குப் போய், அவன் எல்லாரையும் வெளியே போகச் சொல்வதையும், முப்பிடாதி டின்மேல் ஏறி உட்காருவதையும், மதினி என்று சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பூரணத்துக்கு அந்த நிமிஷம் தெரியும். அவனைச் சுற்றியிருந்தவர்கள் எழுந்து போவார்கள், படம் ஒருமுறை ஆடும், கேமராவை எதன்மேலோ வைத்துவிட்டு அவன் எதிரில் வந்து உட்காருவான். காது மடலைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்ப்பான். பிறகு நிமிர்ந்து நேராக இவளைப் பார்த்துப் பேசுவான். தன்னிடம்தான் பேசுகிறான் என்று அவளுக்கு முதல்நாளே பட்டிருந்தது. உதட்டைப் படிக்க முயன்று முயன்று கண் வலித்ததுதான் மிச்சம், தாடி வேறு மறைத்தது.

“போய்க் கேட்டுட்டு வா பூரணம்,” என்றாள் ரெஜினா.

“நான் அங்க போயிட்டா இங்க போடுறது யாரு?”

“நான் போடுறேன்.”

“அவ கதவு எனக்குத் தொறக்காதுக்கா,” என்றாள் பூரணம்.

பங்குனியில் காற்று பிடித்து சில்வர் ஓக் மரமொன்று கரண்ட் கம்பிமேல் விழுந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. மூன்று நாளும் ஆறு மணிக்கு முப்பிடாதி டின்னைத் திறந்துவைத்து, உள்ளே அரிசி சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து ஆறாம் வீடு வரைக்கும் வந்துவிட்டாள்.

“கரண்ட் எப்ப வரும்னு ஆபீஸ்ல ஏதும் சொன்னாங்களாக்கா?”

“நாளைக்குன்னாங்க. ஏன், மாவரைக்கணுமா?”

“ஆமா,” என்றாள் முப்பிடாதி. அவள் வீட்டில் கிரைண்டர் கிடையாது. முதல் வீட்டு ஜன்னலில் மண்ணெண்ணெய் விளக்கு எரிவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப்போனாள்.

கரண்ட் வந்த வாரம், கிளப் டிவியைச் சரிபார்க்கக் கீழேயிருந்து மெக்கானிக் அலோசியஸ் வந்தார். லயன் ஆட்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவரைப் பூரணம் வீட்டுக்கும் கூட்டிவந்தார்கள். அவர் டிவியைத் திருப்பி முதுகைக் கழற்றி, தூசியை ஊதி, உள்ளே பார்த்தார். துண்டின்மேல் படுத்துக்கிடந்த சிவப்பையும் வெள்ளையையும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“இது ஒரு ஸ்பீக்கர் செட்டு. செவப்பு, வெள்ள ரெண்டையும் ஒண்ணாச் சேக்குற பின் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இங்கன ஒரு ஓட்டை போட்டு ஸ்பீக்கர் லைனுக்கு ஒரு வயர் இழுத்துட்டா போதும். பத்து நிமிஷ வேலை. படமும் சத்தமும் இதுலயே வந்துரும்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். புருஷன் குரல் பெண்டாட்டிக்குச் சேரவேண்டியதுதானே என்றார்கள் சிலர். தொப்பளான் சம்சாரம் மட்டும், “அப்பக் கடைசி வீட்ல?” என்று கேட்டாள்.

“சத்தம் போக வழியில்லாமத்தான் அங்க போயிருக்கு,” என்றார் அலோசியஸ். “இங்க வழி கெடச்சா அங்க எதுக்குப் போவுது?”

பூரணம் பிளேயர்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதமாக ஊமையாய்ப் பார்த்த முகம், தன்னிடம் சொல்ல எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சொன்ன வார்த்தை, எல்லாம் பத்து நிமிஷ வேலைக்கு அந்தப்பக்கம் இருந்தது. அலோசியஸ் துளைபோடும் மெஷினை எடுத்து முனை மாட்டிவிட்டார். அவள் கண்கள் அந்த முனையிலேயே இருந்தன.

“வேண்டாம்ணே,” என்றாள். “டிவிய மூடிருங்க.”

“ஏம்மா?”

“அவளுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல.”

அலோசியஸ் திருகாணிகளை ஒவ்வொன்றாக மாட்டி மூடினார். டீ குடித்துவிட்டுப் போகும்போது, அந்தப் பின்னை மட்டும் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயந்தரம் ஐந்தரை மணிக்கு முப்பிடாதி கடைசி வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். தலை சீவி, சலவைச் சேலை கட்டியிருந்தாள். பத்தாம் வீட்டைக் கடந்தாள், ஒன்பதைக் கடந்தாள், எட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். ஆறாம் வீட்டில் நிற்பாள் என்று நினைத்தோம். நிற்கவில்லை. முதல் வீட்டு வாசலில்தான் போய் நின்றாள்.

“மெக்கானிக்கத் திருப்பி அனுப்பிட்டீங்களாமே.”

“ஆமா,” என்றாள் பூரணம்.

முப்பிடாதி நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு கேக்கணும் மதினி. ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

லயனில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. பூரணம் அடுப்பில் பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“மூணு மாசம் ஆகும்னாங்க. அதுவரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருப்போம்னாங்க. ஒங்கண்ணனுக்குக் குளிரு ஆகாதுல்ல. இங்கன இருந்தப்பவே மூணு கம்பளி போத்திக்கிட்டு நடுங்குவாரு. அந்த மனுசன மூணு மாசம் ஐஸ்ல கெடத்த எனக்கு மனசு வரல. அங்க மண்ணு சூடா இருக்கும்னு சொன்னாங்க. போட்டுட்டேன்.”

முப்பிடாதி நிலைக்கட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல.”

“மூணு நாள் வந்து தட்டுனேன். நீ தொறக்கல.”

“கேட்டுச்சு,” என்றாள் முப்பிடாதி. “தட்டுனது எனக்குக் கேட்டுச்சு மதினி.”

அவள் அழுதாளா என்று எங்களால் பார்க்க முடியவில்லை, அவள் முதுகுதான் தெரிந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணக்காகப் பேசினாள்.

“நீங்க அங்க போங்க. டின்னுல ஒரு மணி அரிசிகூட இல்லாமத் தொடச்சு வச்சிருக்கேன், நல்லாக் கேக்கும். நான் இங்கருந்து போடுறேன்.”

“போடத் தெரியுமா உனக்கு?”

“சொல்லிக்குடுங்க.”

பூரணம் சொல்லிக்கொடுத்தாள். இந்தப் பொத்தானை அமுக்கு, தட்டை நீட்டும், வட்டை வை, மறுபடி அமுக்கு. நீலம் வரும், பயப்படாதே, காத்திரு. சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டாமல் வராந்தாவில் நடந்தாள். அவள் கடந்துபோகிற வீடுகளில் ரேடியோவை அணைத்தோம், குக்கரை இறக்கினோம். ஏழாம் வீட்டில் தொட்டில் பிள்ளைக்கு வாயில் சர்க்கரை வைத்தார்கள். அவள் பதினோராம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை முப்பிடாதி முதல் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினாள்.

அவள் பார்த்ததை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நாலு வருஷம் பார்க்காத அண்ணன் கரண்டியோடு வந்து நின்றபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள், பெரியவர்கள் வீட்டுக்குள் வந்தால் எழுந்து நிற்பது போல. அவன் வாய் அசைய அசைய இவள் வாயும் அசைந்தது, அவளுக்கு எல்லா வார்த்தையும் மனப்பாடம். ஒருமுறை கையை நீட்டித் திரையில் அவன் தாடியைத் தொட்டுப் பார்த்தாள். பதினோராவது நிமிஷத்தில் மற்றவர்கள் எழுந்து போனார்கள், அவன் காது மடலைத் தேய்த்தான். முப்பிடாதி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பதினோராம் வீட்டில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது, சாத்தாதிருந்தாலும் போயிருக்க மாட்டோம். டின்னுக்குள் தலையை விட்டுக் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறோம். அவள் வெளியே வந்தபோது கூந்தலில் தவிட்டுத் தூள் ஒட்டியிருந்தது.

இரண்டு பேரும் புறப்பட்டு ஆறாம் வீட்டு வாசலில் எதிர்ப்பட்டார்கள். ரெஜினா இரண்டு முக்காலியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள், அவள் வாழ்க்கையில் அப்படி உள்ளே போனது அது ஒன்றுதான்.

“அண்ணன் எளச்சுப் போயிருக்கான் மதினி. நீங்க யாருட்டயும் சொல்லவே இல்ல.”

“கேக்குறதுக்கு அப்படித் தெரியல. சத்தம் கணீர்னு இருக்கு,” என்றாள் பூரணம். “மத்தி மீனுக்குக் குடம்புளி இல்லைங்கிறாரே, நான் ரெண்டு தடவ அனுப்புனேனே.”

“அத ஜாபர் அண்ணனுக்குக் குடுத்துட்டேன்னு பின்னால சொல்றான். நீங்க கவனிக்கல.”

“அதுக்கப்புறம் ஒண்ணும் காதுல விழல.”

முப்பிடாதி சேலை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

“என்ன சொன்னான்னு நான் கேக்கமாட்டேன். நல்லதாத்தானே சொன்னான்?”

“நல்லதுதான்.” பூரணம் முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. நாங்கள் பயந்துபோனோம். பார்த்தால் சிரிப்பு. “மொத வார்த்தையே, ‘இதத் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிராத’ன்னுதான் சொன்னாரு.”

முப்பிடாதி அவளையே பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது. பதினோரு வீட்டிலும் அந்தச் சிரிப்புக் கேட்டது. உள்ளே விளக்குப் போட எழுந்த ரெஜினா சுவிட்சில் கை வைத்தபடியே நின்றாள்.

“அப்ப அரிசிய டின்னுல போடலாமா?” என்றாள் முப்பிடாதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“போடாத. நாளைக்கும் நான் வந்து கேக்கணும்.”

“அதுக்குன்னு சாக்குல வச்சு எத்தன நாளைக்கு? எலி மூணு நாளா வருது.”

பூரணம் முக்காலியை விட்டு எழுந்தாள். “எங்க வீட்ல பான காலியா இருக்கு. எடு, கொண்டுபோயிருவோம். ஒல அங்கயே வச்சுக்கிடலாம்.”

மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் கடைசி வீட்டுக்குப் போய்ச் சாக்கை ஆளுக்கொரு காது பிடித்துத் தூக்கிக்கொண்டு, பத்தாம் வீட்டில் ஒருமுறையும் எட்டாம் வீட்டில் ஒருமுறையும் கீழே வைத்துக் கை மாற்றிக்கொண்டு, வராந்தா நெடுக முதல் வீட்டை நோக்கிப் போனார்கள். எங்கள் வீட்டைத் தாண்டும்போது முப்பிடாதி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் மாற்றியது தெரிகிறதா என்று கேட்ட மாதிரி இருந்தது.